வெயில் படாத நிறம்

1

ஸ்டெல்லா அக்கா, போன மாதம் ஒரு போலீஸ்காரர் என் முகத்தையும் என் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது இரண்டும் ஒரே ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார். நீ இருந்திருந்தால் இதை உனக்குக் கடிதமாக எழுதியிருப்பேன். நீ வாய் பொத்திச் சிரித்திருப்பாய். இப்போது ஊருக்கு எழுதுகிறேன்.

நம் பங்குப் பத்திரிகைக்கு "வெளிநாட்டு அனுபவம்" எழுதிக் கொடு என்று சாமியார் கேட்டு எட்டு மாதம் ஆகிறது. மஸ்கட்டில் இருக்கிறவன் ஒட்டகம், பேரீச்சை, கடல் என்று ஏதாவது எழுதுவான் என்று நினைத்திருப்பார். நான் எட்டாவதோடு நின்றவன். எழுத உட்கார்ந்தால் அக்கா முகம்தான் வருகிறது. உடனே எழுந்து விடுகிறேன். இதையும் கட்டில்மேல் கொஞ்சம், தண்ணீர் டேங்கர் நிழலில் கொஞ்சம் என்று எழுதுகிறேன். முன்னே பின்னே இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: என் பெயர் அந்தோணி. ஒரகடம் பக்கம் கல் உடைக்கிற கிரஷரில் வேலை செய்தவன். மூன்று வருஷமாக இங்கே சிமெண்ட் பிளாக் போடுகிற யார்டில் இருக்கிறேன். ஸ்டெல்லா என் அக்கா. போன வருஷம் ஆகஸ்ட் கடைசியில் இறந்துபோனாள். வயிற்றில் ஏழு மாதக் குழந்தை. வருஷப் பூசைக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது.

போலீஸ்காரர் கதையைச் சொல்லி விடுகிறேன். புதிய சைட்டுக்குப் போகப் போலீஸில் கேட் பாஸ் வாங்கவேண்டும். பாஸ்போர்ட்டில் இருக்கிற நான் கன்னம் உப்பி, எண்ணெய் வழிய, திருவிழாவுக்குப் போகிறவன் மாதிரி இருக்கிறேன். இப்போது கன்னத்தில் குழி. கம்பெனிக்காகப் பேப்பர் எடுத்துக்கொண்டு அலைகிற கரீம் பாய் ஹைதராபாத்காரர். அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும்.

"அந்தோணி, அவர் சொல்றார் இந்தப் பையன் வேற, நீ வேற."

"நான்தான் பாய் அது."

"கன்னத்த ஊது. கொஞ்சம் ஊது."

ஊதினேன். போலீஸ்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. கடைசியில், பாஸ்போர்ட்டில் அடையாளம் என்று எழுதியிருந்ததை யாரோ படித்துச் சொன்னார்கள்: இடது புருவத்தில் தழும்பு. கிரஷரில் கல் சிதறிப் பட்டது. அவர் எழுந்து வந்து புருவத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

யார்டுக்குத் திரும்பியதும் ஃபோர்மேன் என் முதுகில் தட்டினார். "மெலிஞ்சு போயிருக்கான்னா, நல்லா உழைக்கிறான்னு அர்த்தம்" என்றார். நான் சாப்பாட்டைத் தட்டோடு கொட்டிக்கொண்டு இருந்த மாதங்கள் அவை. யாரிடமும் சொல்லவில்லை.

2

எங்களை வெளிநாட்டுக்கு எடுத்ததே மூஞ்சியைப் பார்த்துத்தான். மெட்ராஸில் ஒரு லாட்ஜ் மாடியில் நாற்பது பேரை வரிசையாக நிறுத்தினார்கள். என் பக்கத்தில் வாலாஜாபாத் மனோகரன். நல்ல நிறம், சுருட்டை முடி. இரண்டு சிமெண்ட் மூட்டையைச் சேர்த்துத் தூக்குவான். ஏஜெண்டு அவனைப் பார்த்ததும் சொன்னார்: "நீ இன்னாப்பா, ஹீரோ மாதிரி கீற. பிளாக் தூக்க அனுப்புனா கண்ணாடி எங்கன்னு கேப்ப. ஓரமா நில்லு."

அடுத்தது நான். தாடையைப் பிடித்துத் திருப்பினார். "இவன் மூஞ்சியப் பாரு, ஜல்லி மாதிரி கீது. இவன் தாங்குவான். எழுதிக்கோ."

வந்த மூன்றாம் நாள் வெயிலில் மயங்கி விழுந்தேன். பக்கத்தில் இருந்தவன் தண்ணீர் தெளித்துவிட்டு, "உன்ன யாருடா செலக்ட் பண்ணது?" என்று கேட்டான். ஏஜெண்டு பெயரைச் சொன்னேன். "என்னையும் அவர்தான்" என்றான். அவன் முகமும் என் முகம் மாதிரிதான்.

ஆம்பளை முகம் கரடுமுரடாக இருந்தால் நல்லவன், உழைப்பாளி. பொம்பளை முகம் பளபளவென்று இருந்தால் நல்லவள், நோய் நொடி இல்லாதவள், வீடு விளங்கும். நம் பக்கத்தில் எல்லாரும் இப்படித்தான் பார்க்கிறோம். நானும் அப்படித்தான் பார்த்தேன். இதை ஒத்துக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

3

அக்கா முன்பு என்னைவிடக் கறுப்பு. நடவுக்கும் மல்லாட்டைச் செடி பிடுங்கவும் அம்மாவோடு போவாள். பிறகு பெங்களூர் ரோட்டு மேல் ஒரு சின்னக் கம்பெனி வந்தது. ரேடியோவுக்குள் வைக்கிற காயிலில் தலைமுடி மாதிரி மெல்லிய கம்பியைச் சுற்றுகிற வேலை. பொம்பளைப் பிள்ளைகள் மட்டும். சேர்க்கும்போது அங்கேயும் முகம் பார்த்தார்கள். "லட்சணமா கீது, சுத்தமா இருக்கும்" என்று சூப்பர்வைசர் அக்காவை முதல் லைனில் உட்கார வைத்தார்.

காலை ஆறு மணிக்கே வேன். ஜன்னல் இல்லாத ஷெட். பகல் முழுக்க டியூப்லைட். சனிக்கிழமை ஓவர்டைம். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஓடுவாள். பத்து மணிக்கு டீயும் பன்னும். மத்தியானம் டப்பாவில் ஆறிப்போன சோறு, பாதியைத் திருப்பிக் கொண்டு வருவாள். இரண்டு வருஷத்தில் அவள் நிறம் மாற ஆரம்பித்தது. தெருவே பேசியது.

"இன்னாடி ஸ்டெல்லா, இன்னா கிரீம் போடற? எங்களுக்கும் சொல்லேன்."

"கிரீமு இன்னாக்கா கிரீமு? டியூப்லைட்டுதான். நீயும் வந்து கீழ குந்திக்கோ."

"ஐய, நாங்க குந்துனா டியூப்லைட்டு கறுத்துப் பூடும்டி!"

இப்படிச் சிரிப்பார்கள். அம்மாவுக்குப் பெருமை தாங்காது. எங்கள் வீட்டில் முதல் முதலாக வெயிலில் நிற்காமல் சம்பாதித்தவள் அக்காதான். அந்த நிறம்தான் அதற்குச் சாட்சி. வெயில் படாத வேலை, அதனால் வந்த நிறம் என்று எல்லாருக்கும் கணக்கு சரியாக இருந்தது.

அரிசிப் பானையில் கை விட்டுப் பச்சரிசியை அள்ளி மெல்லுவாள். அம்மா கையைத் தட்டி விடும். "அரிசி தின்னாதடீ, உன் கல்யாணத்துல மழை கொட்டும். பந்தல் எல்லாம் நனையும்." அக்கா இன்னொரு வாய் போட்டுக்கொள்வாள். "கொட்டட்டும்மா. ஏரியாவது ரொம்பும்."

மச்சான் லேத் பட்டறையில் டர்னர். அவர் தாடையில் தீப்பட்ட வடு பெரிதாக இருக்கும். பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டில் ஒருத்தரும் அதைப் பற்றிப் பேசவில்லையாம். பெரியப்பா கேட்டது ஒரே கேள்வி: "பர்மனெண்டா, டெம்ப்ரரியா?" பர்மனெண்ட் என்றார்கள். முடிந்தது. அவர்கள் வீட்டில் அக்காவிடம் ஒன்றுமே கேட்கவில்லை. மச்சானின் அம்மா அக்கா முகவாயைத் தொட்டு, "மாதா சுரூபம் மாதிரி கீறாமா" என்று சொல்லி அப்போதே பூ வைத்துவிட்டார்.

அந்தச் சுரூபம் சுண்ணாம்பு வெள்ளை. நம் கோயில் பீடத்தில் இருக்கிறது. நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள்.

4

போன வருஷம் ஜூலையில் ஊரிலிருந்து ஒரு போட்டோ வந்தது. அக்காவுக்கு ஐந்தாம் மாதம், தலை நிறையப் பூ. அம்மா சொல்லச் சொல்லத் தங்கச்சி ரெஜினா எழுதிய கடிதம்: "அக்காளுக்கு நல்லா கலர் ஏறிடுச்சி. சதையும் போட்டுக்கினா. எதிர் வூட்டு அம்மா பொம்பளப் புள்ளதான்னு சொல்லுது."

நாங்கள் தங்கியிருக்கிற கேம்ப் முழுக்கக் காட்டினேன். சினிமாக்காரி மாதிரி இருக்கிறாள் என்றார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, "கூடப் பொறந்தவளா? சும்மா சொல்லாத" என்றான் ஒருத்தன். அதுகூட இனித்தது.

அதே வாரம் லேபர் கார்டு புதுப்பிக்க மெடிக்கல் டெஸ்ட். கம்பெனி கிளினிக்கில் ரத்தம் எடுக்கிற நர்ஸ் லீலாம்மா, மலையாளி. வேலூரில் படித்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். முப்பது வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. காதிலிருந்து தாடை வரை கறுப்பாக ஒரு மச்சம், கை அகலத்துக்கு. ஊசி போடும்போது பயத்தை மறைக்க அக்கா போட்டோவை எடுத்துக் காட்டினேன்.

அவர் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனார். எல்லாரும் பார்த்த மாதிரி அவர் பார்க்கவில்லை.

"அக்காவா? எத்தனை மாசம்?"

"அஞ்சு."

"ரத்தம் டெஸ்ட் பண்ணாங்களா?"

"எதுக்கு?"

"உதடு பாரு தம்பி. ரத்தமே இல்லை. முகம் தடிச்சது சதை இல்லை, நீர். போட்டோவை வெச்சு நிச்சயமா சொல்ல முடியாது. ஆனா டெஸ்ட் பண்ணச் சொல்லி நாளைக்கே லெட்டர் போடு. பச்சரிசி, சாம்பல் ஏதாவது தின்னுவாளா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஊரே அழகு என்று சொல்கிற முகத்தை ஒருத்தி நோய் என்கிறாள். நான் சொன்னது இதுதான், ஒரு வார்த்தை குறைக்காமல் எழுதுகிறேன்: "உங்க மாதிரி மூஞ்சி கீறவங்களுக்கு அழகான பொண்ணப் பாத்தா பொறுக்காது."

லைனில் நின்றவர்கள் சிரித்தார்கள். லீலாம்மா போட்டோவை என் சட்டைப் பையில் செருகினார். "அடுத்த ஆள்" என்றார்.

அந்த வாரம் வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். மச்சானுக்கு வாட்ச் என்ன மாடல் வேண்டும் என்று கேட்டேன். குழந்தைக்குப் பெயர் இரண்டு எழுதினேன். லீவில் போகிற ஒருத்தர் கையில் அக்காவுக்கு ஒரு டப்பா முகப் பவுடர் கொடுத்தனுப்பினேன். ரத்தம் பற்றி ஒரு வரி எழுதவில்லை. பேனா கையில் இருந்தது. இடமும் இருந்தது, பின்பக்கம் பாதி காலி.

5

தந்தியைக் கரீம் பாய்தான் படித்துச் சொன்னார். பாஸ்போர்ட் கம்பெனி கையில். பக்கத்து நாட்டில் சண்டை ஆரம்பித்த நேரம், ஊருக்குப் போகிறவர்கள் கூட்டம், டிக்கெட் இல்லை. மூன்று நாள் ஆபீஸ் வாசலில் நின்றேன். அதற்குள் அடக்கம் முடிந்து மண் காய்ந்திருக்கும் என்று நானே திரும்பி வந்தேன்.

கடிதத்தில் விவரம் வந்தது. மூச்சு வாங்கியிருக்கிறது. கால் வீங்கியிருக்கிறது. மாசமானவளுக்கு எல்லாம் இருப்பதுதான் என்று விட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, உடம்பில் ரத்தமே இல்லை, இத்தனை நாள் இவளை யார் பார்த்துக்கொண்டீர்கள் என்று டாக்டர் கேட்டாராம். ரத்தம் கிடைக்கிறதுக்குள் எல்லாம் முடிந்தது.

அம்மா டாக்டர் சொன்னதை எழுதவில்லை. மச்சான் எழுதினதில்தான் அது இருந்தது. அம்மா எழுதச் சொன்னது: "ஊர்க் கண்ணு பட்டுடுச்சி. அத்தினி அழகு ஆகாது."

அந்த வரி எனக்கு வசதியாக இருந்தது. கண் யாருடையது என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் நானும் ஆமாம் கண்தான் என்று எழுதினேன். ஒரு வருஷமாக அந்தப் பொய்யோடு பிளாக் போட்டுக்கொண்டு இருக்கிறேன். மெஷின் ஓடும்போது பரவாயில்லை. நின்றால் உடனே எங்கேயாவது நடக்க வேண்டும் போல இருக்கும்.

6

கேட் பாஸ் வாங்கிய அதே வாரம் இன்னொரு போட்டோ வந்தது. ரெஜினாவுக்குப் பத்தொன்பது. அக்கா உட்கார்ந்த அதே கம்பெனி, அதே லைன். அம்மா சொல்லி யாரோ எழுதிய கடிதம்: "ரெஜினாவுக்கு வரன் வந்துகினு கீது. அவளுக்கும் நல்லா நிறம் ஏறிடுச்சி. அப்பிடியே அக்கா மாதிரி."

அப்படியே அக்கா மாதிரி. அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது.

இங்கே வெள்ளிதான் விடுமுறை. ஞாயிறு பூசையையே நாங்கள் வெள்ளிக்கிழமை காண்கிறோம். மலையாளப் பூசை முடிந்து அவர்கள் வெளியே வர, தமிழ்க்காரர்கள் உள்ளே போவோம். லீலாம்மாவைக் கண்டால் நான் தூண் பக்கம் ஒதுங்குகிறவன். அன்றைக்கு நேராகப் போய் முன்னால் நின்றேன்.

அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. அவரே முதலில் கேட்டார்: "அக்காவுக்குப் பிரசவம் ஆச்சா? என்ன குழந்தை?"

அவருக்குத் தெரியாது. யார் சொல்லியிருப்பார்கள்? சொன்னேன். அவர் கோயில் கேட் பக்கத்தில் இருந்த சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் அன்னைக்கே கம்பெனி ஆபீஸ்ல அட்ரஸ் வாங்கி எழுதியிருக்கலாம்" என்றார். என்னைத் திட்டுவார் என்று வந்தேன். அவர் தன்னையே குறை சொல்லிக்கொண்டார். "சேச்சி, அன்னிக்கு நான் சொன்னது" என்று ஆரம்பித்தேன். "அது எனக்கு நினைவு இருக்கு. இப்போ அது வேண்டாம். என்ன கொண்டு வந்திருக்கே, காட்டு."

ரெஜினா போட்டோவைப் பார்த்தார். ஸ்டுடியோக்காரன் உதட்டுக்குச் சிவப்பு தீட்டியிருந்தான்.

"இதுல ஒண்ணும் தெரியலை. கண்ணுக்குக் கீழே இமையை இழுத்துப் பாக்கச் சொல்லு. மாடி ஏறினா மூச்சு வாங்குதான்னு கேளு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியிலேயே டெஸ்ட் பண்ணுவாங்க. சீக்கிரம் பாத்தா மாத்திரையிலேயே சரியாகும் தம்பி. மாத்திரையிலேயே."

அந்தக் கடைசி வார்த்தையை ஏன் இரண்டு தடவை சொன்னார் என்று எனக்குத் தெரிகிறது.

7

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீபெரும்புதூர் போன் கடையில் அம்மாவும் ரெஜினாவும் வந்து நிற்கச் சொல்லி, லீவில் போன ஆள் மூலம் சொல்லியனுப்பினேன். ரெஜினாவைக் கம்பெனி வேன் அங்கேதான் இறக்கி விடும். இங்கே போன் பூத்தில் எனக்குப் பின்னால் ஒன்பது பேர் நின்றார்கள்.

"அந்தோணியா? கண்ணு, சாப்டியா? இன்னாத்துக்குடா போனு? ஒடம்பு இன்னா?"

"அம்மா, ரெஜினாவ நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ. ரத்தம் டெஸ்ட் பண்ணணும்."

"அவளுக்கு இன்னாடா கேடு? கல்லு மாதிரி கீறா. நாளான்னிக்கு வாலாஜாபாத்துல இருந்து பொண்ணு பாக்க வராங்கோ. இப்பப் போயி ஆஸ்பத்திரி வாசல்ல நின்னா ஊரு இன்னா சொல்லும்? சீக்காளிப் பொண்ணுன்னு பேரு வந்துச்சின்னா எவன் கட்டுவான்?"

"அக்கா மாதிரி கீறான்னு நீதான எழுதன?"

"ஆமா. அவ்ளோ அழகா கீறா."

"அம்மா, அது அழகு இல்ல. அக்காவுக்கு ரத்தம் இல்லம்மா. அதான் வெளுத்துச்சி. நாமதான் கலர் வந்துச்சின்னு சொல்லிகினு இருந்தோம்."

"கண்ணுடா அது. ஊரு கண்ணு."

"கண்ணு இல்ல. எனக்குத் தெரியும். இங்க ஒரு நர்ஸம்மா அக்கா போட்டோ பாத்து அப்பவே சொன்னாங்க. ரத்தம் பாக்கச் சொல்லி எழுதுன்னாங்க. நான்தான் எழுதல."

போனில் ஸ்ரீபெரும்புதூர் கேட்டது. பஸ் ஹாரன், யாரோ சில்லறை கேட்கிற சத்தம்.

"அப்பவேவா?" என்றது அம்மா.

"ஆமாம்மா."

"அவ உசுரோட இருக்கறப்பவா?"

"ஆமாம்மா. ஜூலைல."

ரிசீவர் கை மாறியது. ரெஜினா வந்தாள். "ண்ணா, அம்மா வெளிய போயி ரோட்டப் பாத்துகினு நிக்குது. அதுகிட்ட இன்னா சொன்ன?"

"ரெஜி, படி ஏறுனா மூச்சு வாங்குதா?"

"கம்பெனி மாடிலயா? ஆமா, நடுவுல ஒரு தபா நிப்பேன். லைன்ல எல்லாப் பொண்ணுங்களும்தான் நிக்குதுங்க."

"அரிசி தின்றியா?"

சிரித்தாள். "அத யாரு போட்டுக் குடுத்தது?"

"ரெஜி, சிரிக்காத. அக்காவும் தின்னா."

அவளுக்குப் புரிந்த நேரம் எனக்குக் கேட்டது. மூச்சு ஒரு மாதிரி நின்று வந்தது. "நான் போறேண்ணா. அம்மா வரலனாலும் போறேன். எங்க போணும், இன்னா கேக்கணும், சொல்லு." சொன்னேன். பாதியில் லைன் போய்விட்டது.

8

ரெஜினா கடிதம் போன புதன்கிழமை வந்தது. அவள் தனியாகப் போகவில்லை. மறுநாள் காலையில் அவள் எழுந்து பார்த்தால், அம்மா புடவை கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறதாம். ஆஸ்பத்திரிக்கு ஊருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போகிற வழி ஒன்று இருக்கிறது. அம்மா பஜார் வழியாகவே நடந்ததாம். "எங்க காலங்காத்தால?" என்று கேட்டவர்களிடம், "பொண்ணுக்கு ரத்தம் பாக்க" என்று சொல்லிக்கொண்டே போனதாம்.

இருக்க வேண்டிய ரத்தத்தில் பாதிதான் இருக்கிறதாம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். முருங்கைக்கீரை, சுண்டல் சாப்பிடச் சொல்லி, மாதம் ஒரு தடவை வந்து காட்டச் சொன்னார்களாம். அவள் லைனில் இன்னும் நான்கு பெண்கள் அடுத்த சனிக்கிழமை அவளோடு போகிறார்கள். வாலாஜாபாத்காரர்கள் வரவில்லை. சொல்லியும் அனுப்பவில்லை. "வராங்காட்டி போவட்டும்ணா" என்று எழுதியிருக்கிறாள்.

அம்மா எனக்கு ஒரு வரியும் சொல்லி எழுதவில்லை. முன்பெல்லாம் தங்கச்சி கடிதத்தின் கீழே "அம்மா ஆசீர்வாதம்" என்று இருக்கும். இந்தக் கடிதத்தில் அது இல்லை. ரெஜினா மறந்திருப்பாளோ என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். அவள் மறக்கிறவள் இல்லை.

சாமியாருக்கு ஒரு வார்த்தை. இதில் எழுத்துப் பிழை இருந்தால் திருத்துங்கள். எதையும் எடுத்து விடாதீர்கள். லீலாம்மாவிடம் நான் சொன்னதையும் விடாதீர்கள். அவரிடம் கேட்டுத்தான் எழுதினேன். "எழுது, என் பேரும் எழுது" என்றார். நம் ஊரில் டியூப்லைட் கீழே உட்கார்ந்து நிறம் மாறுகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் இருந்தால், இதைப் படித்து முடித்ததும் பக்கத்தில் கூப்பிட்டு, கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். வெளுத்திருந்தால் அழைத்துக்கொண்டு போங்கள். சிவந்திருந்தாலும் ஒரு தடவை ரத்தம் பார்த்து விடுங்கள்.

வருஷப் பூசையில் என்னால் இருக்க முடியாது. நான் வந்தால் அம்மா என் முகத்தைப் பார்க்குமா என்றும் தெரியாது. நீங்கள் எல்லாரும் வாருங்கள். என் அக்கா ஸ்டெல்லாவுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். சொல்லும்போது அவளோடு போன குழந்தையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆணா பெண்ணா என்று யாரும் எனக்கு எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. பெயர் இல்லாத அந்தப் பிள்ளைக்காகவும் செபம் செய்யுங்கள்.